மின்னொளி கபடியை நேரலையில் காட்டுவது எப்படி: மூன்று கேமராவும் ஒரு சாரமும்

திருநெல்வேலிப் பக்கம் கோவில் கொடையோ பொங்கலோ வந்தால் பின்னாலேயே மின்னொளி கபடி போஸ்டரும் வந்துவிடும். ஆலங்குளம், களக்காடு, வள்ளியூர், சாத்தான்குளம் என்று எந்தப் பக்கம் போனாலும் இரவில் தொடங்கும் ஆட்டம் விடியும்வரை ஓடும். ஊரில் இருப்பவர்கள் களத்தைச் சுற்றி நிற்கிறார்கள். தாராவியிலும் துபாயிலும் இருப்பவர்கள் செல்போனில் பார்க்கிறார்கள். இந்தக் குறிப்பு அந்த இரண்டாவது கூட்டத்துக்காக வேலை செய்கிறவர்களுக்கு.

நம் பகுதி நேரலைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தோற்கின்றன. கை பட்டதா, கோட்டைத் தொட்டானா என்பது வீட்டில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. கேமரா போதாததால் வரும் குறை இல்லை இது. எதை எங்கே வைப்பது, ஏன் வைப்பது என்று யோசிக்காததால் வருவது. விளையாட்டுச் சேனல்கள் அறுபது வருடமாக ஒவ்வொரு சிக்கலாகத் தீர்த்து வந்திருக்கின்றன. அவர்கள் வாங்கிய கருவி நமக்கு எட்டாது. ஆனால் எந்தச் சிக்கலுக்காக அதை வாங்கினார்கள் என்று தெரிந்தால், பாதியை சவுக்குக் கம்பாலும் சணல் கயிறாலுமே சரிசெய்யலாம்.

முதலில் இணைய லைன்

1978இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பில் ராஸ்முசென் என்பவர் உள்ளூர் விளையாட்டுகளைக் கேபிளில் காட்ட வழி தேடினார். செயற்கைக்கோள் அலைவரிசைக்கு விலை விசாரித்தபோது, மாலை நேரத்துக்கு மட்டும் எடுப்பதைவிட 24 மணி நேரத்துக்கும் சேர்த்து எடுப்பது மலிவாக வந்தது. எடுத்துவிட்டார். 1979 செப்டம்பர் 7 அன்று ஈஎஸ்பிஎன் தொடங்கியது இப்படித்தான். படம் போகும் பாதை முதலில் உறுதியானது, அதில் எதைக் காட்டுவது என்பது பிறகு வந்தது.

நாமும் அந்த வரிசையிலேயே போக வேண்டும். போட்டி நாள் உறுதியான அன்றே உள்ளூர் கேபிள்காரரைப் பாருங்கள். இப்போது அவர்களில் பலர் பிராட்பேண்டும் கொடுக்கிறார்கள். பக்கத்துத் தெருச் சந்திப்புப் பெட்டியிலிருந்து மைதானத்துக்கு ஒரு ஃபைபர் இழுத்து, மோடத்தைக் கட்டுப்பாட்டு மேசையிலேயே வைத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு வாரம் முன்பே கேட்டால் தருவார்கள். முந்தின நாள் கேட்டால் கம்பம் ஏற ஆள் இருக்காது.

அப்லோடு வேகம், நீங்கள் அனுப்பும் பிட்ரேட்டைப்போல் (வினாடிக்குப் போகும் தரவின் அளவு) இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். எங்கள் பரிந்துரை 720 பி, 50 ஃபிரேம், 4,500 கேபிபிஎஸ், சிபிஆர் (மாறாத பிட்ரேட்), கீஃபிரேம் (முழுப் படம்) 2 வினாடிக்கு ஒன்று. அதற்கு 10 எம்பிபிஎஸ் அப்லோடு போதும். 1080 பி என்று போஸ்டரில் போடுவதற்காக 25 ஃபிரேமில் அனுப்புகிறவர்கள் உண்டு. கபடிக்கு அது கெடுதல். 25 ஃபிரேமில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் 40 மில்லிவினாடி இடைவெளி, 50இல் 20தான். விரல் நுனி உரசிப் போகும் தொடுதல் அந்த இடைவெளியில் காணாமல் போய்விடும். படப்புள்ளி எண்ணிக்கையைவிட ஃபிரேம் எண்ணிக்கைதான் இங்கே முக்கியம்.

ஃபைபர் கிடைக்காத ஊர் என்றால் இரண்டு வெவ்வேறு நிறுவன சிம் வையுங்கள். இங்கே எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. மாலை நான்கு மணிக்கு வெறும் மைதானத்தில் வேகம் பார்த்து, 20 எம்பிபிஎஸ் வருகிறது என்று திருப்தியாகிவிடுவார்கள். ஒன்பது மணிக்கு இரண்டாயிரம் பேர் செல்போனோடு வந்து நின்றால் அதே டவரில் 2 எம்பிபிஎஸ் வந்தாலே பெரிது. கூட்டம் வருமுன் எடுத்த அளவை நம்பாதீர்கள். மோடத்தைச் சாரத்தின் (கேமரா நிற்கும் கம்பு மேடையின்) உச்சியில், கூட்டத்தின் தலைக்கு மேலே கட்டுங்கள். டேட்டா கணக்கு, மணிக்கு 2 ஜிபிக்குச் சற்று மேல். எட்டு மணி நேரத்துக்கு 17 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூப் சேனல் புதிது என்றால் செல்போன் எண்ணைச் சரிபார்த்த பிறகும் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம்வரை ஆகும். அதை அன்றைக்கு மாலையில் கண்டுபிடிக்காதீர்கள். போட்டிக் குழுவிடம் ஒளிபரப்பு அனுமதியை எழுத்தில் வாங்கி வைப்பதும் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டும். 1993 ஹீரோ கோப்பை கிரிக்கெட்டில் படத்தை அனுப்பும் உரிமை யாருடையது என்று தூர்தர்ஷனுக்கும் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், வான்அலைகள் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நம் அளவில் சண்டை அவ்வளவு பெரிதாகாது. ஆனால் ஒரே கொடைக்கு மூன்று பேர் கேமராவோடு வந்து, சாரம் யாருக்கு என்று நிற்பது நடக்கிற காரியம்.

சாரம், மூன்று கேமரா

ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். முதன்மைக் கேமரா நீளவாக்குப் பக்கத்தில், நடுக்கோட்டின் நேர் நீட்சியில் நிற்க வேண்டும். கண்ணளவில் வைக்காமல், நடுக்கோட்டின் இரு முனையிலும் நூல் பிடித்து சாரம்வரை இழுத்துப் பார்த்து வையுங்கள். அரையடி விலகினாலும் நடுக்கோட்டைத் தொடும் விரல் கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று தெரியாது. கபடியில் அதிகச் சண்டை வருவது அந்த ஒரு கோட்டில்தான்.

தூரம், எல்லைக் கோட்டிலிருந்து 8 மீட்டர். உயரம், பலகை 10 அடி, அதற்குமேல் முக்காலியில் லென்ஸ் 5 அடி, மொத்தம் 15 அடி. ஏன் இவ்வளவு உயரம் என்று பந்தல்காரர் கேட்பார். காரணம் நம் பக்கத்து அம்பயர். அவர் எல்லைக் கோட்டுக்கு வெளியே, கேமராவுக்கு நேர் முன்னால் நிற்கிறார். லென்ஸ் 8 அடியில் இருந்தால் அவர் தலை மறைக்கும் பட்டை களத்தின் அந்தக் கரைவரை போய்விடும். 15 அடியில் இருந்தால் முன்னால் இரண்டு, இரண்டரை மீட்டர் மட்டுமே மறையும். அம்பயரை நகரச் சொல்வதைவிட ஏழு அடி சவுக்குக் கம்பு கூடுதலாகக் கட்டுவது சுலபம்.

சாரத்தில் ஸ்பான்சர் ஃப்ளெக்ஸ் கட்ட விடாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர்வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வரும் காற்றைப் பற்றி இந்தப் பக்கம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சுரண்டையிலும் பணகுடியிலும் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. சாரத்தைச் சுற்றி ஃப்ளெக்ஸ் கட்டினால் பாய்மரம் கட்டியதாகவே அர்த்தம். ஒவ்வொரு வீச்சுக்கும் படம் ஆடும், பலத்த காற்றில் சாரமே சாயலாம். நான்கு மூலைக்கும் கயிறு இழுத்து முளையடியுங்கள். முக்காலியின் நடுக்கொக்கியில் 10 கிலோ மணல் மூட்டை தொங்கட்டும். கேமராமேனைத் தவிர வேறு யாரும் அந்தப் பலகையில் ஏறக் கூடாது. விழாக் குழுத் தலைவருக்கும் அதே விதிதான். அவர் காலை மாற்றி வைத்தாலே ஜூம் செய்த படம் குலுங்கும்.

முதன்மைக் கேமரா முழுக் களத்தையும் எப்போதும் காட்ட வேண்டியதில்லை. ரைடர் (ஏறிப் பாடுகிறவர்) நிற்கும் பாதி, அதோடு நடுக்கோடு, கொஞ்சம் அந்தப் பக்கம். இதுதான் சட்டகம். கேமராமேன் ரைடரைத் துரத்தக் கூடாது. ரைடருக்கும் கடைசித் தடுப்பாளருக்கும் நடுவே உள்ள இடத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனால் பிடி விழும்போது இரண்டு பேருமே படத்துக்குள் இருப்பார்கள். பிடி விழுந்ததும் உள்ளே ஜூம் போகும் ஆசையை அடக்க வேண்டும். ரைடர் கையை நீட்டும்போது நடுக்கோடு படத்தில் இல்லாமல் போவது அந்த ஜூமால்தான்.

இரண்டாவது கேமரா அதே பக்கத்து மூலையில், எல்லைக்கு இரண்டு மீட்டர் வெளியே, முழங்கால் உயரத்தில். முகமும் காலும் இதில் கிடைக்கும். எதிர்ப்பக்கத்து மூலையில் வைக்கக் கூடாது. அங்கே வைத்தால் இடமிருந்து வலமாகப் போன ரைடர் அடுத்த நொடியே வலமிருந்து இடமாகப் போவதுபோல் தெரியும். பார்ப்பவருக்கு எந்த அணி ஏறிப் பாடுகிறது என்றே குழம்பிவிடும்.

ஒரு மூலையில் மட்டும் கேமரா இருந்தால் ஒரு ரைடில் முகம், அடுத்த ரைடில் முதுகு. இந்தச் சிக்கலுக்குக் கிரிக்கெட்டில் ஒரு முன்கதை உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒரு முனையிலிருந்து மட்டும் படமெடுத்த காலத்தில் ஒரு ஓவர் விட்டு ஒரு ஓவர் பேட்ஸ்மேனின் முதுகைத்தான் பார்த்தார்கள். 1977இல் கெர்ரி பேக்கர் உலகத் தொடர் கிரிக்கெட்டைத் தொடங்கியபோது அவருடைய சேனல் நைன் இரண்டு முனையிலும் கேமரா வைத்தது. நம்மிடம் நான்காவது கேமரா இருந்தால் அடுத்த மூலையில் வைத்துவிடலாம். இல்லையென்றால் இரண்டாவதை இருந்த இடத்திலேயே விடுங்கள். பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாறுவதால் முதல் பாதியில் ஒரு அணியின் முகம், இரண்டாம் பாதியில் மற்ற அணியின் முகம் என்று தானாகவே சமமாகும். இடைவேளையில் கேமராவைத் தூக்கி மறுமூலைக்குக் கொண்டு போகிறவர்கள் தெரியாமலேயே ஒரே அணிக்கு முழு ஆட்டத்தையும் கொடுத்துவிடுகிறார்கள்.

மூன்றாவது கேமராவுக்கு ஆள் தேவையில்லை. முதன்மைக் கேமராவுக்கு நேர் கீழே, அதே சாரத்தில், 9 அடி உயரத்தில் கிளாம்ப் போட்டு நடுக்கோட்டின் தூரத்துப் பாதியைப் பார்த்துப் பூட்டிவிடுங்கள். அம்பயர் தலை அதை மறைத்தால் கிளாம்பை ஒரு அடி ஏற்றிப் பாருங்கள். இது நேரலையில் போகாது, ரீப்ளேக்கு மட்டும்.

டிரோன் பற்றி ஒரு வார்த்தை. கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்க விடாதீர்கள். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் மூன்றும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கபடிக்கு டிரோன் படம் தேவையும் இல்லை.

வெளிச்சம்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கேமரா 60 ஃபிரேமிலோ 1/60 ஷட்டரிலோ இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். எல்லாக் கேமராவும் 50 ஃபிரேம், ஷட்டர் 1/100. வெளிச்சம் போதவில்லை என்றால் 1/50. அதற்கும் கீழே போனால் காலை வீசும்போது கால் பனிபோலக் கலங்கும். கேமரா மெனுவில் பிராந்தியம் என்டிஎஸ்சி என்று இருந்தால் 50 ஃபிரேம் தேர்வே வராது, முதலில் பிஏஎல் என்று மாற்ற வேண்டும். செல்போனைக் கேமராவாக வைத்தால் ஷட்டரைப் பூட்டும் செயலி வேண்டும்.

ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாதீர்கள். களத்தின் நடுவில் வெள்ளைத் தாள் பிடித்து மூன்று கேமராவுக்கும் ஒரே நேரத்தில் அமையுங்கள். ஒரு கம்பத்தில் மெட்டல் ஹாலைடு, ஒரு கம்பத்தில் எல்இடி என்று கலந்து கட்டியிருந்தால் களத்தின் ஒரு பாதி பச்சையாகவும் மறுபாதி நீலமாகவும் வரும். இதை விளக்குக்காரரிடம் முன்பே பேசி எதிரெதிர்க் கம்பங்களில் ஒரே வகையாகக் கட்ட வைப்பது மட்டுமே தீர்வு.

மெட்டல் ஹாலைடுக்கு இன்னொரு குணம் உண்டு. மின்சாரம் ஒரு கணம் போய் வந்தாலும் அது உடனே எரியாது. ஆறிய பிறகுதான் மறுபடி பிடிக்கும், அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகும். எல்இடி அடுத்த நொடியே வந்துவிடும். செலவு அனுமதித்தால் கம்பத்துக்கு ஒரு எல்இடியாவது இருக்கட்டும்.

சாரத்தில் கேமராவுக்கு மேலே விளக்கு கட்டாதீர்கள். விட்டில் பூச்சி லென்ஸ் முன்னாலேயே பறக்கும். ஆட்டோஃபோகஸ் ரைடரை விட்டுவிட்டுப் பூச்சியைப் பிடிக்கும். ஃபோகஸைக் கையால் நடுக்கோட்டில் வைத்துப் பூட்டுங்கள்.

கேபிள், ஸ்விட்சர், மின்சாரம்

எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டருக்கு மேல் நம்பகமில்லை. யாராவது மிதித்தால் படம் கறுத்துவிடும். மூலைக் கேமராவுக்கு எச்டிஎம்ஐயை எஸ்டிஐ (நீண்ட தூரம் தாங்கும் வீடியோ இணைப்பு) ஆக்கும் சிறு கன்வெர்ட்டர் போட்டு 75 ஓம் கோஆக்சியல் கேபிள் இழுங்கள். கேபிள் டிவிக்குப் பயன்படும் ஆர்ஜி 6 வயர்கூட 50 மீட்டர் தாங்கும், ஆனால் இரு முனையிலும் பிஎன்சி கனெக்டர் அடிக்க வேண்டும். கேபிளை எல்லைக் கோட்டுக்கு வெளியே நான்கு விரல் ஆழத்தில் மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். களத்தில் தண்ணீர் தெளிப்பார்கள் என்பதால் இணைப்பு மூட்டுகள் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது.

எந்தக் கேமராவின் படம் போக வேண்டும் என்று மாற்ற, நான்கு எச்டிஎம்ஐ உள்ளீடு கொண்ட சிறு ஸ்விட்சர் போதும். முதல் இரண்டில் கேமராக்கள், மூன்றில் ரீப்ளே லேப்டாப், நான்கு காலியாக. கேமரா மெனுவில் திரைத் தகவல்களை எச்டிஎம்ஐ வழியே அனுப்பாதபடி நிறுத்துங்கள். இல்லையென்றால் பேட்டரி அடையாளமும் சிவப்புப் புள்ளியும் துபாய்வரை போகும். ஸ்டில் கேமராக்களில் சில 30 நிமிடத்தில் நின்றுவிடும், சில சூடாகி அணைந்துவிடும். இரவு முழுக்க ஓட வேண்டிய வேலைக்கு பழைய ஹேண்டிகேம் வகை மேல்.

மொத்த மின்தேவை 350 வாட்டைத் தாண்டாது. 1 கேவிஏ யுபிஎஸ் ஒன்று வையுங்கள். விளக்கையும் ஒலிபெருக்கி ஆம்ப்ளிஃபையரையும் அதில் சொருக விடாதீர்கள். ஜெனரேட்டரில் ஓடும்போது யுபிஎஸ் டிக் டிக் என்று மாறிக்கொண்டே இருந்தால் ஜெனரேட்டரின் அதிர்வெண் நிலையாக இல்லை என்று பொருள். பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும், ஒரு மணி நேரத்தில் எல்லாம் நிற்கும். ஆபரேட்டரை வேகத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குவதுதான் முறை. ஈர மண்ணில் வெறுங்காலோடு இளைஞர்கள் ஆடும் இடத்தில் கொக்கி போட்டு எடுத்த மின்சாரம் உயிருக்கு ஆபத்து.

ஆட்களுக்குள் பேச வாட்ஸ்அப் அழைப்பை நம்பாதீர்கள், ஒன்பது மணிக்கு அதுவும் விழும். சிறு வாக்கிடாக்கி போதும். சொல்லும் வார்த்தை எப்போதும் ஒரே மாதிரி இருக்கட்டும்: “அண்ணாச்சி, ரெண்டு ரெடி… ரெண்டு எடுத்தாச்சு.” ‘ரெடி’ சொல்லாமல் எடுத்தால் மூலைக் கேமராமேன் அந்த நேரம் வியர்வை துடைத்துக்கொண்டிருப்பார்.

திரையில் ஸ்கோர்

ஸ்கோரும் நேரமும் திரையில் எப்போதும் தெரிய வேண்டும் என்பது இன்று எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. அது அவ்வளவு பழைய வழக்கமில்லை. 1992இல் இங்கிலாந்தின் ஸ்கை சேனலில் டேவிட் ஹில் கால்பந்துக்கு அதைக் கொண்டு வந்தார். இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலிலும் அவரே புகுத்தினார். நடுவில் டிவி போடுகிறவர் ஸ்கோர் தெரியாமல் காத்திருக்க வேண்டிய அவஸ்தையைத்தான் அது தீர்த்தது. இரவு முழுக்க ஓடும் கபடியில் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் நடுவில் வருகிறவர்களே. ஆகவே அணிப் பெயர், புள்ளி, மீதி நேரம், எந்தச் சுற்று என்பவை நிரந்தரமாக இருக்க வேண்டும்.

30 வினாடி ரைடு கடிகாரத்தைத் தனியாகக் காட்டுங்கள். களத்தில் எத்தனை பேர் மிச்சம் என்பதையும் ஏழு பொட்டுகளாகக் காட்டுங்கள். ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ், மூன்றோ அதற்குக் குறைவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள் என்பதால், அந்த ஏழு பொட்டுகளைப் பார்த்தாலே அடுத்த ரைடின் பதற்றம் புரியும். 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபின் பார்ப்பவர்கள் இதையெல்லாம் எதிர்பார்க்கப் பழகிவிட்டார்கள்.

பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாறும்போது திரையில் பெயர்களை மாற்றாதீர்கள். இடது எப்போதும் இடதாகவே இருக்கட்டும், பெயருக்குப் பக்கத்தில் ஜெர்சி நிறத்தில் ஒரு சிறு கட்டம் போட்டால் போதும். எழுத்துரு யுனிகோடில் இருக்க வேண்டும். பழைய பாமினி எழுத்தில் அடித்த அணிப்பட்டியல் வேறு கணினியில் கிறுக்கலாக வரும். ஊர்ப் பெயரின் எழுத்தைக் கமிட்டியிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஊர்ப் பெயரில் பிழை வந்தால் நடுராத்திரியில் மேசைக்கு ஆள் வரும்.

ஸ்கோர் போடுகிறவர் அதிகாரப்பூர்வ ஸ்கோரரின் பக்கத்திலேயே உட்கார வேண்டும். திரையைப் பார்த்து ஊகித்துப் போடக் கூடாது. அம்பயர் கை தூக்கிய பிறகுதான் எண் மாற வேண்டும். ஒரு வினாடி தாமதம் பரவாயில்லை, போட்ட புள்ளியைத் திரும்ப எடுப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

ஸ்கோர் அட்டையை ஸ்விட்சரில் சேர்க்காமல், நேரலை அனுப்பும் லேப்டாப்பில் ஓபிஎஸ் என்ற மென்பொருள் வழியாகச் சேர்ப்பது நல்லது. அப்போது ஸ்விட்சரிலிருந்து எஸ்எஸ்டியில் பதிவாகும் படம் சுத்தமாக இருக்கும். பெரிய சேனல்களும் எழுத்தும் குரலும் இல்லாத படத்தைத் தனியாக வைத்துக்கொண்டு மொழிக்கு மொழி மேலே ஏற்றுகிறார்கள். 2017இல் வந்த ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் ஓடுவது அப்படித்தான். 25 எம்பிபிஎஸ்ஸில் பதிந்தால் மணிக்கு 11 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி ஒரு இரவுக்குத் தாராளம்.

ரீப்ளே

1963 டிசம்பர் 7 அன்று அமெரிக்க ராணுவ, கடற்படை அணிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் டோனி வெர்னா முதல்முறையாக உடனடி ரீப்ளே காட்டினார். பார்ப்பவர்கள் குழம்பக் கூடாது என்பதற்காக, இது மறுபடி விழுந்த புள்ளி அல்ல என்று வர்ணனையாளர் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் குழப்பம் இன்றைக்கும் வரும். ரீப்ளேக்கு முன்னும் பின்னும் ஒரு வினாடி லோகோ ஓடட்டும், மூலையில் ‘ரீப்ளே’ என்று எழுத்து நிற்கட்டும்.

ஓபிஎஸ்ஸின் ரீப்ளே பஃபரை 15 வினாடியில் வையுங்கள். மூன்றாவது கேமராவைக் கேப்சர் கார்டு வழியாக இந்த ரீப்ளே லேப்டாப்புக்கே கொடுங்கள். சந்தேகமான ரைடு முடிந்ததும் சேமி, அந்தச் சந்தேகமான நொடிகளை மட்டும் பாதி வேகத்தில் ஓட்டு. 50 ஃபிரேமில் எடுத்திருப்பதால் பாதி வேகத்தில் விக்கலில்லாமல் ஓடும். அடுத்த ரைடர் நடுக்கோட்டைத் தாண்டுமுன் நேரலைக்குத் திரும்பிவிட வேண்டும். ரைடுக்கும் ரைடுக்கும் இடையே ஐந்தாறு வினாடிதான் கிடைக்கும். ஆகவே எல்லா ரைடுக்கும் ரீப்ளே வேண்டாம். தகராறு, சூப்பர் டேக்கிள், லோனா (முழு அணியும் அவுட்) இவற்றோடு நிறுத்துங்கள்.

ரீப்ளேயைக் களத்தில் பெரிய எல்இடி திரையில் காட்டுவதா என்பதை நடுவர் குழுவிடம் முன்பே கேட்டு முடிவெடுங்கள். மறுபரிசீலனை விதி இல்லாத போட்டியில் தவறான தீர்ப்பை ஆயிரம் பேருக்கு முன் காட்டினால் ஆட்டம் அங்கேயே நிற்கும். அடிபட்டு விழுந்தவரின் காட்சியை ஒருபோதும் திரும்பக் காட்டாதீர்கள். அவருடைய அம்மாவும் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒலியும் வர்ணனையும்

ரேடியோ செட்காரரிடமிருந்து லைன் அவுட் வாங்கினால் உறுமல் வரும். அவருடைய மின்சாரமும் உங்கள் மின்சாரமும் வேறு வேறு தரையைத் தொடுவதால் வருவது அது. நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட டிஐ பெட்டி போட்டால் நிற்கும். இடைவேளையில் அவர் சினிமாப் பாட்டு போடுவார். அந்த நொடியே உங்கள் மிக்சரில் அந்தச் சேனலை மூடிவிட வேண்டும். யூடியூப் பாட்டைக் கண்டுபிடித்து நேரலையையே நிறுத்திவிடலாம். இதற்கென்று ஒருவர் கை மிக்சரில் இருக்கட்டும்.

நடுக்கோட்டுப் பக்கம், எல்லைக்கு வெளியே, காற்றுத் தடுப்பு உறை போட்ட ஒரு மைக்கைத் தரையிலிருந்து அரையடி உயரத்தில் களத்தை நோக்கி வையுங்கள். ரைடரின் பாட்டும் மண்ணில் விழும் சத்தமும் அதில்தான் வரும். படத்தைவிடக் குரல் முன்னால் ஓடினால், கேமரா முன் ஒருமுறை கைதட்டிப் பார்த்து, மிக்சர் ஒலியை 80 முதல் 120 மில்லிவினாடி தாமதப்படுத்துங்கள்.

வர்ணனைக்கு இரண்டு பேர், இருவர் முன்னாலும் ஒரு மானிட்டர். திரையில் இல்லாததைப் பேசக் கூடாது. நம் பேச்சிலேயே பேசட்டும். “பிடி கெட்டியால்லா இருக்கு” என்று கேட்கத்தான் வெளியூரில் இருப்பவர் இந்த நேரலைக்கு வருகிறார். ஆனால் சாதியைச் சுட்டும் அடைமொழி, கோஷம், பாடல் எதுவும் மைக்கில் வரக் கூடாது, கேமராவும் அப்படிப்பட்ட கொடியிலோ பனியனிலோ நிற்கக் கூடாது. நேரடி அரட்டையில் தடைச் சொற்களை முன்பே ஏற்றிவிடுங்கள், கண்காணிக்க ஒருவரை உட்கார வையுங்கள். ஒரு வரிக் கமெண்ட் மறுநாள் பஸ் நிறுத்தத்தில் அடிதடியாகும் பகுதி இது. இந்த வேலையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பொறுப்பு இதுவே என்று நினைக்கிறோம்.

ஆட்டம் இல்லாத நேரம்

நான்காவது ஆட்டத்துக்கு வர வேண்டிய அணி வேன் பஞ்சராகி நாங்குநேரியில் நிற்கும். நாற்பது நிமிடம் காலி. 24 மணி நேரத்தையும் வாங்கிவிட்ட ஈஎஸ்பிஎன்னும் முதல் நாளிலிருந்தே இந்தச் சிக்கலோடுதான் இருந்தது. முதல் நாள் நேரடியாகக் காட்டியது ஸ்லோபிட்ச் சாஃப்ட்பால். பிறகு ஆஸ்திரேலியக் கால்பந்துவரை கிடைத்ததையெல்லாம் போட்டு நிரப்பினார்கள். நாமும் முன்பே தயாராக இருக்க வேண்டும். மாலையிலேயே ஒவ்வொரு அணித் தலைவரிடமும் இரண்டு நிமிடப் பேட்டி எடுத்து லேப்டாப்பில் வையுங்கள். அந்த ஊரின் பழைய ஆட்டக்காரர் ஒருவரை வர்ணனை மேசைக்கு அழையுங்கள். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய மணத்தி கணேசன் தாமிரபரணிக் கரைக்காரர். அந்தத் தலைமுறையோடு மண் களத்தில் ஆடியவர்கள் இன்றும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், கேட்டால் வந்து பேசுவார்கள். வெறும் மைதானத்தைக் காட்டிப் பாட்டு ஓட விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

முக்கியமான ஆட்டத்தை எந்த நேரத்தில் வைப்பது என்று கமிட்டி கேட்டால், நம் ஊரில் 11 மணி என்றால் துபாயில் ஒன்பதரை என்று சொல்லுங்கள். வேலை முடித்துச் சாப்பிட்டு உட்காரும் நேரம் அது.

12 மணி நேரத்தைத் தாண்டிய நேரலையை யூடியூப் முழுதாகச் சேமித்து வைக்காமல் போகலாம். மாலை ஆறு மணிக்குத் தொடக்க விழாவோடு ஆரம்பித்து காலை ஏழுக்குப் பரிசளிப்பு என்றால் இறுதிப் போட்டியே பதிவில் இல்லாமல் போகும். நள்ளிரவுக்குப் பக்கம், ஒரு ஆட்டம் முடிந்ததும் நேரலையை நிறுத்திப் புதிதாகத் தொடங்குங்கள். புதிய இணைப்பைப் பழைய நேரலையின் அரட்டையில் பத்து நிமிடம் முன்பே பொருத்திவிட்டால் ஆட்கள் கூடவே வருவார்கள்.

ஸ்கோரர் பக்கத்தில் இருக்கும் ஆளே ஒவ்வொரு ஆட்டமும் தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வரட்டும். காலையில் அதை அத்தியாயங்களாக விவரப் பகுதியில் ஏற்றுங்கள். முதல் குறி 0:00 என்று இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிகள் வேண்டும், இல்லையென்றால் யூடியூப் பிரித்துக் காட்டாது. எஸ்எஸ்டியில் உள்ள சுத்தமான பதிவில் ஒரு நகல் கமிட்டிக்குக் கொடுங்கள். ஆட்டக்காரர் யாராவது தன் ரைடுகளை மட்டும் வெட்டிக் கேட்டால் அதையும் கொடுங்கள். பெரிய அணியின் தேர்வுக்குப் போகும்போது அவர் காட்டுவதற்குக் கையில் வேறு எதுவும் இருக்காது.